ஒரு பெரும்பயறும் ஒன்பது நாட்களும்

பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி ஒழுகுகிறது, கூடவே கெட்ட வாடையும் அடிக்கிறது என்றால், தடிமன், அதாவது ஜலதோஷம் என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். மூக்குக்குள் ஏதோ போய் உட்கார்ந்திருக்கிறது என்றே முதலில் நினையுங்கள். இல்லை என்பதை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துச் சொல்லட்டும். இந்த இரண்டு வரியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் ஒன்பது நாள் அலைச்சலும், செலவான 5,800 ரூபாயில் பெரும்பகுதியும், மூன்று நாள் சம்பளமும் மிஞ்சியிருக்கும். என் மகளும் மூன்றரை வயதில் அத்தனை நாள் ஒற்றை மூக்கில் மூச்சு விட்டிருக்க மாட்டாள். வீட்டுக்காரர் சவூதியில், மாமி கொல்லங்கோட்டில், தக்கலையில் நானும் பாப்பாவும் மட்டும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். என்னைப்போலத் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உண்டு.

ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. வெளியே சாரல். செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, பாப்பாவுக்கு எண்ணிக்கை சொல்லிக்கொடுக்க ஒரு தாம்பாளத்தில் பெரும்பயறு போட்டுக் கொடுத்தேன். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வாங்கி வைத்திருந்தது. மற்ற ஊர்களில் காராமணி, தட்டைப்பயறு என்பார்கள். 20 எண்ணி வைத்தேன். விளையாடி முடித்துத் திருப்பி எண்ணினால் 19. கட்டிலுக்கடியில் உருண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒன்று எங்கே என்று அன்றைக்கே தேடியிருக்க வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகள்தான் மூக்கில் பொருள் போட்டுக்கொள்வது அதிகம். வலது கைப்பழக்கம் இருப்பதால் பெரும்பாலும் வலது மூக்கில்தான் போகும். பயறு, புளியமுத்து, மஞ்சாடிமுத்து, பாசிமணி, மெத்தையில் பிய்த்த பஞ்சு, பென்சில் ரப்பர் எல்லாம் அந்தத் துளைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். குன்றிமணியை வீட்டிலேயே வைக்காதீர்கள்; மென்றுவிட்டால் கடும் விஷம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்க ஒரு அளவுக் குழாய் இருக்கிறது, அதன் வாய் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் அகலம். நம் கையில் இருக்கும் 10 ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அந்த நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் அது சின்னப் பிள்ளை கைக்கு ஆகாது என்று வைத்துக்கொண்டால் கண்ணளவு சரியாக இருக்கும். ரப்பர் மரத்துக் கொட்டையும் இந்தக் கணக்கில் தோற்றுவிடும். எண்ணச் சொல்லிக்கொடுக்க சிரட்டை, கரண்டி, டப்பா மூடி போதும்.

திங்கட்கிழமை வலது மூக்கில் நீர் வடிந்தது. மேல்மழைக் காலம், பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும் திறந்த நேரம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் மூக்கு ஒழுகாத பிள்ளை ஏது? கற்பூரவள்ளிச் சாறு கொடுத்தேன், மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு வாங்கி விட்டேன். நான் செய்த பெரிய தவறு அந்தச் சொட்டு மருந்துதான். சாதாரண மூக்கடைப்புக்கு அது நல்ல மருந்து. ஆனால் உள்ளே இருப்பது பயறோ விதையோ என்றால் நனைய நனைய ஊதும். காய்ந்தபோது வழுக்கி வெளியே வந்திருக்கக்கூடியது, ஊறினபிறகு சுவரோடு இறுகிக்கொள்ளும். ஆகவே சந்தேகம் இருந்தால் தண்ணீர், உப்புநீர், எண்ணெய், தாய்ப்பால் எதையும் மூக்கில் விடக்கூடாது.

செவ்வாய் மாலை ஒரு கிளினிக்கில் காட்டினேன். பீஸ் 250, மருந்து 410. "மூக்கு ஒழுகுது டாக்டர்" என்றுதான் சொன்னேன். எந்தப் பக்கம் என்று அவரும் கேட்கவில்லை, ஒரு பக்கம் மட்டும்தான் என்று நானும் சொல்லவில்லை. உண்மையில் நோயைச் சொல்லும் வார்த்தையே அதுதான். தடிமன் என்றால் இரண்டு மூக்கும் ஒழுகும், தும்மல் வரும், சில நேரம் காய்ச்சல் அடிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் தானாக வடியும். பொருள் மாட்டியிருந்தால் ஒரே பக்கம். முதலில் நீர், பிறகு மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான சீழ், இடையில் ரத்தக் கோடு. பிள்ளை மற்றபடி துள்ளிக்கொண்டிருக்கும். பாப்பா அப்படித்தான் இருந்தாள். வியாழக்கிழமை மறுபடி அதே இடம். இந்தமுறை ஆன்டிபயாடிக்கோடு 940 ரூபாய். மருந்துக்கடையில் சொன்னார்கள் என்று 1,900 கொடுத்து நெபுலைசர் மெஷினும் வாங்கினேன். ஆன்டிபயாடிக் கொடுத்ததும் வாடை குறைந்தது. அங்கேதான் நான் ஏமாந்தேன். அடைப்புக்குப் பின்னால் தேங்கிய சளியில் கிருமி பெருகுவதால் வருகிற வாடை அது. மருந்து கிருமியைக் கொஞ்சம் அடக்கும், அடைப்பை எடுக்காது. இரண்டு நாளில் வாடை பழையபடி வந்துவிட்டது.

அந்த வாடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாய் நாற்றம் மாதிரி இல்லை, சொத்தைப் பல் வாடையும் இல்லை. ஊறவைத்துக் கவனிக்காமல் விட்ட பயறுத் தண்ணீர் இரண்டாம் நாள் நாறுமே, அது. ராத்திரி பாப்பா என் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்குகிறவள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். பிள்ளையிடமிருந்து முகத்தைத் திருப்புகிறேனே என்று அழுகை வந்தது. பல்லாக இருக்குமோ என்று சனிக்கிழமை பல் டாக்டரிடம் போனோம், 300 ரூபாய். பல்லெல்லாம் சுத்தம் என்றார். பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் கிழங்கைச் சுட்டு அந்தப் புகையை மூக்கில் காட்டச் சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் ஏற்கெனவே புண்பட்ட மூக்குக்குப் புகை ஆகாது. பிள்ளை திமிறினால் சுட்டும்விடும். அதை மட்டும் நான் செய்யவில்லை.

சனி இரவு ஒரு எவர்சில்வர் கரண்டியைக் குளிர்ந்த நீரில் முக்கித் துடைத்து, தூங்குகிற பாப்பாவின் மூக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். இடது பக்கம் மூச்சுப்பட்டுப் பனித்தது, வலது பக்கம் கரண்டி பளபளவென்று இருந்தது. செலவில்லாத சோதனை, அரை நிமிடம் போதும். நம்மைவிட விவரமான ஆள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். ஆனால் பனித்துவிட்டது, அதனால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சின்னப் பொருள் என்றால் ஓரமாகக் காற்று போகும். பகலில் பிள்ளையின் மூக்கு நுனியைக் கட்டைவிரலால் மெல்ல மேலே தூக்கி, பக்கத்தில் டார்ச் பிடித்தாலும் சில நேரம் தெரியும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விரல், ஹேர்பின், பட்ஸ், புருவம் எடுக்கும் இடுக்கி எதையும் உள்ளே விடாதீர்கள். உருண்டையும் வழுவழுப்புமாக இருக்கும் பொருளை இடுக்கியால் பிடிக்க முடியாது, நுனி நழுவி அதைப் பின்னால் தள்ளும். பின்னால் போனால் தொண்டை, அங்கிருந்து மூச்சுக்குழாய். அதுதான் உண்மையான ஆபத்து.

ஞாயிறு காலை, கணக்குக்கு ஒன்பதாம் நாள், நாகர்கோவிலில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரம் கிடைத்தது. பஸ்ஸில் பாப்பா அழாமல் இருக்க இரண்டு மட்டி வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பல் முளைக்கும் முன்பே தின்று பழகிய பழம், 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. ஆனால் அந்தக் காலைக்கு அது தவறான சாப்பாடு. பொருள் ஆழத்தில் இருந்து மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டிவந்தால், திட ஆகாரம் சாப்பிட்டு 6 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். "என்ன சாப்பிட்டா, எத்தனை மணிக்கு" என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. மயக்கம் தேவைப்பட்டிருந்தால் மாலைவரை காத்திருந்திருப்போம். மூக்கில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகத்தில் கிளம்பினால் வழியில் பிஸ்கட், பழம், பால் வேண்டாம். சாப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். தனியாரில்தான் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டாக்டர் பாப்பாவைப் பார்த்து, மூக்கில் எதையாவது போட்டாயா என்று கேட்கவே இல்லை. "உள்ளே ஒருத்தர் தூங்குறாரே, அவர் பேரென்ன?" என்று கேட்டார். பாப்பா உடனே, "பயறு" என்றாள். ஏன் அங்கே வைத்தாய் என்றதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூக்குல எப்பவும் வெள்ளம் உண்டுல்லா, அதான். முளைக்கும்." வெள்ளம் என்றால் எங்கள் பேச்சில் தண்ணீர். அங்கன்வாடியில் சிரட்டைக்குள் நனைத்த பஞ்சு வைத்துப் பயறு முளைக்கப்போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஈரம் இருந்தால் முளைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. நம் வீட்டில் எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் எது என்று யோசித்து, சரியான இடத்தையும் கண்டுபிடித்துவிட்டது. நானும் டாக்டரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழுதேன். இந்த ஒன்பது நாளில் நான் அவளிடம் நான்கைந்து முறை, "மூக்குல என்னத்தயாவது போட்டியா, போட்டா ஊசிதான்" என்று அதட்டிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இல்லை என்றாள். ஊசி என்று சொன்னபிறகு எந்தப் பிள்ளை உண்டு என்று சொல்லும்? திட்டாமல், விளையாட்டுபோல, ஏற்கெனவே நமக்குத் தெரியும் என்ற முகத்தோடு கேளுங்கள். பொம்மையைக் கொடுத்து, பொம்மை எங்கே ஒளித்துவைத்தது என்று காட்டச் சொன்னாலும் காட்டிவிடும்.

எடுக்கும்போது பிள்ளையைப் பிடிப்பதில்தான் பாதி வேலை. ஒரு போர்வையில் கைகள் உள்ளே இருக்கும்படி தோளிலிருந்து சுற்றிக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்த்து நம் மடியில் உட்காரவைத்து, அதன் கால்களை நம் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கை போர்வையைச் சுற்றி, இன்னொரு கை நெற்றியில். தலை நம் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். இரக்கப்பட்டுத் தளர்த்திப் பிடித்தால் தலை அசையும், மூக்குச் சுவர் கீறி ரத்தம் வரும், இரண்டாம் முறை பிள்ளை கிட்டேயே விடாது. முதல் முயற்சியில் எடுப்பதுதான் எல்லாருக்கும் நல்லது. டாக்டர் முதலில் வீக்கம் வடியவும் மரத்துப்போகவும் மருந்து விட்டார். பிறகு நுனி வளைந்த மெல்லிய கம்பியைப் பயறுக்கு மேலாக உள்ளே விட்டு, பின்பக்கம் கொண்டுபோய்க் கீழே திருப்பி, முன்னால் இழுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தோல் உரிந்து, கறுத்து, இரண்டு மடங்கு பருத்த ஒரு பயறு வந்து விழுந்தது. முளை வரவில்லை. எடுத்தபிறகு அதே மூக்கை மறுபடியும், அடுத்த மூக்கையும், இரண்டு காதுகளையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று போட்ட பிள்ளை இரண்டும் போட்டிருக்கலாம். பீஸ் 400, எடுத்ததற்கு 800, மருந்து 180. நாங்கள் செலவழித்ததில் தேவையான செலவு அந்த 1,380 மட்டும்தான். ஒன்பது நாள் ஆட்டோவுக்கு மட்டும் 620 போயிருந்தது. எடுக்காமலே விட்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். வருடக்கணக்கில் கிடந்தால் அதைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து மூக்குக்குள் கல்லாகிவிடும் என்றார்.

முதல் நாளே தெரிந்திருந்தால் இதை அம்மாவே எடுத்திருக்கலாம் என்று அவர் சொன்னதுதான் என்னை ரொம்பக் குடைந்தது. தாய் முத்தம் என்று ஒரு முறை உண்டாம். 1965-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு பொது மருத்துவர் எழுதிவைத்தது. 2012-ல் கனடா மருத்துவச் சங்க இதழில் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் ஏறக்குறைய 60 சதவீதம் பலித்திருக்கிறது. பிள்ளையிடம் அம்மா பெரிய முத்தம் தரப்போகிறேன் என்று சொல்லி, வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். பொருள் இல்லாத மூக்குத் துளையை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு, நம் வாயைப் பிள்ளையின் வாய்மேல் காற்று கசியாமல் பொருத்த வேண்டும். முதலில் மெதுவாக ஊதினால் ஒரு தடுப்பு தட்டுப்படும். அது பிள்ளையின் மூச்சுக்குழல் வாய் மூடிக்கொள்வது. அந்த நொடியில் ஒரே ஒரு முறை சட்டென்று ஊத வேண்டும். காற்று தொண்டை வழியே மூக்கின் பின்புறம் ஏறி, பொருளை முன்னால் தள்ளும். இப்போதுதான் போட்டது, உருண்டையான வழுவழுப்பான பொருள், பிள்ளை அழாமல் ஒத்துழைக்கிறது என்றால்தான் இது. மருத்துவரோ நர்ஸோ பக்கத்தில் இருக்கும்போது செய்வது இன்னும் நல்லது. ஊறி இறுகியதற்கும், கூரான பொருளுக்கும் இது கிடையாது. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் வாயை மூடி, நல்ல மூக்கை அழுத்திக்கொண்டு பலமாகச் சீறச் சொன்னாலே வந்துவிடலாம். சீறத் தெரியாத பிள்ளை உள்ளே உறிஞ்சிவிடும் என்பதால், இதை முன்கூட்டியே பழக்க வேண்டும். நாங்கள் இப்போது மேசையில் காகிதத் துண்டுகளைப் போட்டு, வாயைத் திறக்காமல் மூக்குக் காற்றால் யார் தள்ளுவது என்று போட்டி வைக்கிறோம். ஆரம்பத்தில் பாப்பா கன்னத்தை உப்பிக்கொண்டு முழுமூச்சாக ஊதுவாள், காகிதம் அசையவே அசையாது, ஏமாந்துபோய்க் கையால் தள்ளிவிட்டுத் தானே கை தட்டுவாள். ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

பயறு ஒன்பது நாள் பொறுத்தது. பட்டன் பேட்டரி பொறுக்காது, அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன். ரிமோட், சாவிக்கொத்து விளக்கு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, திருவிழாக் கடையில் வாங்கும் மினுக்கு பொம்மை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஈரத்தில் பட்டதும் மின்சாரம் ஓடி, காரத்தன்மை உண்டாகித் தசையை அரிக்கும். மூக்கில் சில மணி நேரத்தில் நடுச்சுவரில் ஓட்டை விழலாம். விழுங்கி உணவுக்குழாயில் மாட்டினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கும். ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை, மழை என்று பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் முத்தம், சீறல் என்று நேரம் போக்காதீர்கள். விழுங்கியது 12 மணி நேரத்துக்குள் என்றால், பிள்ளை ஒரு வயதைத் தாண்டியிருந்து விழுங்கவும் முடிகிறது என்றால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி தேன், மொத்தம் 6 முறைக்கு மேல் போகாமல் கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. தேனுக்காகக் கிளம்புவதைத் தாமதிக்கவும் கூடாது. இரண்டு மூக்கிலும் பக்கத்துக்கு ஒரு காந்த உருண்டை மாட்டிக்கொண்டாலும் இதே அவசரம்தான். நடுச்சுவரை இரண்டு பக்கமும் நெரிக்கும். தண்ணீரில் போட்டால் பெரிதாகும் கலர் ஜெல் முத்துகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், விழுங்கினால் குடலில் போய் ஊதும், எக்ஸ்ரேயிலும் லேசில் தெரியாது. பொம்மை வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும்.

காதுக்கும் கிட்டத்தட்ட இதே விதிதான்: விதை போனால் சொட்டு எதுவும் விடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். உயிருள்ள எறும்போ பூச்சியோ புகுந்து துடித்தால் மட்டும், சீழ் வடியாத காது என்றால், வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டு அதை அடக்கிவிட்டுப் போகலாம். தொண்டையில் அடைத்து, இருமவும் முடியாமல் பிள்ளை திணறினால் அது வேறு அவசரம். தலை தாழ்ந்திருக்கும்படி குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 தட்டு. வராவிட்டால், ஒரு வயதுக்கு மேல் என்றால் தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்ளே மேலாக அழுத்தம். ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றில் அழுத்தாமல் நெஞ்செலும்பில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்தம். மாறி மாறிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள்.

டாக்டர் அந்தப் பயறைப் பஞ்சில் சுற்றிப் பாப்பா கையிலேயே கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் சிரட்டையில் வைத்துத் தண்ணீர் தெளித்தாள். அது அழுகிய பயறு, முளைக்காது. மூன்றாம் நாள் அவள் முகம் வாடியதைப் பார்த்து, ராத்திரியோடு ராத்திரியாக டப்பாவிலிருந்து இரண்டு நல்ல பயறை அதில் போட்டேன். இப்போது கொல்லை வேலியில் கொடி ஏறிவிட்டது, ஊதாவில் பூவும் விட்டிருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் இது தன் மூக்கிலிருந்து வந்த செடி என்று காட்டுகிறாள், மாமியும் அதைக் கேட்டு உச்சிமுகர்ந்துவிட்டுப் போனார். எண்ணும் விளையாட்டையும் விடவில்லை, சிரட்டைக்கு மாறியிருக்கிறோம். இருபது சிரட்டையில் ஒன்று குறைந்தால், "அம்மா, மூக்கக் காட்டு" என்று டார்ச் எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம்தான் வருகிறாள்.